விருப்ப இடங்கள்

பிப்ரவரி 3

என் கல்லுளிமங்கனுக்கு,

நானும் குட்டியும் சுகம். உங்கள் சுகத்தை ஃபோனில் விசாரித்தால் "ம்" என்கிறீர்கள். அது நன்றாக இருக்கிறேன் என்கிற ம்-மா, சீக்கிரம் ஃபோனை வை என்கிற ம்-மா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. முக்கியமாக ஏதாவது பேச நான் வாயெடுத்தால் சரியாக அந்த நேரம் பார்த்து உங்களுக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்துவிட்டேன். காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது. பதிலும் காகிதத்திலேயே வரட்டும்.

இந்தச் சுற்றிலும் எனக்கு மாற்றல் இல்லை. காலையில் சூப்பிரண்டெண்ட் அறை வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். ரத்த மாதிரிக் குப்பிகளைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன். என் பேருக்கு நேரே "பொருத்தம் இல்லை" என்று இருந்தது. பொருத்தம் இல்லை என்பதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் எல்லோருக்கும் செலவு மிச்சமாகியிருக்கும்.

நம் ஆஸ்பத்திரிக்கு இத்தனை ஊரில் கிளை. எல்லா ஊரிலும் லேப் இருக்கிறது, லேபில் ஆள் பற்றாக்குறை இருக்கிறது. நீங்கள் இருக்கும் ஊரையும் அதைச் சுற்றி மூன்று ஊர்களையும் எழுதியிருந்தேன். நாலில் ஒன்றுகூடவா பொருந்தாது? யாருக்கு எங்கே மாற்றல் என்று முடிவு செய்கிற அந்த இயந்திரத்துக்கு விதி எழுதுவதே நீங்கள்தானே. கட்டின பெண்டாட்டிக்குச் சலுகை காட்டச் சொல்லவில்லை. ஏன் இல்லை என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இங்கே எங்கள் கிளையிலும் கம்ப்யூட்டர் ரூம் இருக்கிறது. ஏசி ஓடுகிறது, நாற்காலி காலியாகக் கிடக்கிறது. இங்கே உட்கார்ந்து உங்கள் வேலையைப் பார்க்க முடியுமா என்று உங்கள் மேனேஜரிடம் கேட்டீர்களா? கேட்டுவிட்டு எழுதுங்கள்.

குட்டிக்கு முன்பல் ஆடுகிறது. ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு "அப்பா கிட்ட காட்டணும், அதுவரைக்கும் விழக்கூடாது" என்கிறாள். பல் கேட்குமா?

உங்கள் வாயாடி.


பிப்ரவரி 21

அன்புள்ள வாயாடிக்கு,

நலமாக இருக்கிறேன். போதுமா? "ம்" இல்லை, முழு வாக்கியம்.

நான் விதிகளைச் சரிபார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. இயந்திரம் என்று சொல்லாதே, ரூல்ஸ் எஞ்சின். மனிதர்கள் மேஜையில் உட்கார்ந்து யார் யாருக்கு எந்த ஊர் என்று முடிவு செய்த காலத்தில் சொந்தம், சிபாரிசு, சோம்பேறித்தனம் எல்லாம் இருந்தது. இப்போது விதி, விண்ணப்பம், பதில். அதற்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. "பொருத்தம் இல்லை" என்று சொன்னால் பொருத்தம் இல்லை, அவ்வளவுதான்.

நாலு இடம் என்பது குறைவு. வாய்ப்பு கூட வேண்டுமென்றால் வாசலை அகலமாகத் திறந்து வை. அடுத்த சுற்றில் ஏழெட்டு இடமாவது எழுது. பக்கத்து ஊருக்கு வந்துவிட்டால் அங்கிருந்து மெல்ல நகர்ந்து வந்துவிடலாம். உன்னைப்போல் மூன்று நாலு ஊருக்கு மேல் எழுதாமல் பிடிவாதம் பிடிப்பவர்களால்தான் பட்டியல் தேங்குகிறது.

குட்டியின் பல் விழுந்தால் பத்திரமாக எடுத்து வை.

உன் கணவன்.


மார்ச் 15

என் கல்லுளிமங்கனுக்கு,

சுகம். குட்டிக்கு மட்டும் கொஞ்சம் சளி. பல் விழுந்துவிட்டது. உங்களுக்கு ஃபோன் செய்தோம், மீட்டிங்.

சொன்னபடி எழுதிவிட்டேன். ஒன்பது ஊர்! சில ஊர்களின் பேரை எழுத்துக்கூட்டித்தான் எழுதினேன். விண்ணப்பத்தை வாங்கின குமாஸ்தா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஊர் சுத்தப் போறீங்களா?" என்றார். "ஆமா சார், புருஷனைத் தேடி" என்றேன். அந்த மனுஷன் சிரிக்கவில்லை, பாவம்.

ஒரு சேதி. விடுதியைக் காலி செய்துவிட்டேன். நாலு பேர் சேர்ந்திருக்கிற அறையில் குழந்தையை வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்து வருகிறவள் தூங்க, இவள் பாட்டுப் பாட, தினம் ஒரு பஞ்சாயத்து. இரண்டு அறை வீடு ஒன்று கிடைத்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். பின் அறையில் வெளிச்சம் நன்றாக வருகிறது, சந்தடி இல்லை. இண்டர்நெட் இழுக்க வந்தவரிடம் அந்த அறைக்கே இழுக்கச் சொன்னேன். எனக்கு எதற்கு அது? சும்மாதான் சொன்னேன்.

கீழ்வீட்டுக்கார அம்மா ஷிஃப்ட் நேரத்தில் குட்டியைப் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் பள்ளிக்கூடத்தில் "அப்பா எங்கே வேலை பாக்குறார்?" என்று டீச்சர் கேட்டாராம். இவள் "ஃபோன்ல" என்றிருக்கிறாள். டீச்சர் என்னிடம் வந்து, "ஃபோன் கம்பெனியிலயா?" என்று கேட்டார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

போன கடிதத்தில் மேனேஜரிடம் கேட்கச் சொன்னதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. எழுத மறந்திருப்பீர்கள்.

வாயாடி.


ஏப்ரல் 29

அன்புள்ள வாயாடிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க. இங்கே மூச்சு விட நேரமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, தலைவலிதான், அது வேலையோடு ஒட்டிப் பிறந்தது. குட்டியின் சளி இதற்குள் சரியாகியிருக்கும்.

இன்ஷூரன்ஸ் பிரிவுக்கும் விதிகள் எழுதச் சொல்லிவிட்டார்கள். காலையில் உள்ளே நுழைந்தால் ஆளாளுக்கு, "ரூல்ஸ் சார், இதைக் கொஞ்சம் பாருங்க", "ரூல்ஸ் சார், இது ஏன் சிவப்பா நிக்குது?" என்று சூழ்ந்துகொள்கிறார்கள். என்னை விட்டால் ஆள் இல்லை. கேண்டீன்காரர் நான் கேட்காமலே சர்க்கரை இல்லாத டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்.

ஒன்பது இடம் எழுதினது நல்ல காரியம். இந்தத் தடவை கட்டாயம் கிடைக்கும். தைரியமாக இரு. புது வீட்டில் சாமானை எல்லாம் பிரிக்காதே, திரும்பக் கட்டுவது கஷ்டம்.

உன் கணவன்.


மே 12

கல்லுளிமங்கனுக்கு,

இருக்கிறோம்.

பொருத்தம் இல்லை. மறுபடியும். ஒன்பது ஊர் எழுதி, ஒன்பதிலும் இல்லை!

ஆத்திரத்தில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். எக்ஸ்ரே அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது. என்னைவிட ஜூனியர். எங்கே தெரியுமா? உங்கள் ஊருக்கு. நான் அழாத குறை. அவரிடமே போய், "எப்படிங்க கிடைச்சுது?" என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும், ஒரே ஊர்தான் எழுதினேன். வந்தா வருது, வராட்டிப் போகுதுன்னு விட்டுட்டேன்" என்றார். டயட் பிரிவில் இருக்கும் பெண்ணும் அப்படித்தான், ஒரே ஊர், முதல் தடவையே கிடைத்துவிட்டது. நாங்கள்? நான், வார்டில் இரண்டு நர்ஸ், மயக்க மருந்துப் பிரிவில் ஒரு தம்பி, எல்லோரும் "எங்கே போட்டாலும் போறோம்" என்று நீட்டு நீட்டாக எழுதினவர்கள். எங்களில் ஒருத்தருக்கும் இல்லை. அடம் பிடிக்கிறவனுக்கு இருக்கிறது, அனுசரித்துப் போகிறவளுக்கு இல்லை. இது என்ன விதி? யார் எழுதின விதி? கையெழுத்துப் போட்டுச் சொல்லுங்கள்.

"ஏழெட்டு இடமாவது எழுது" என்று யாரோ ஒரு பெரிய மனுஷர் எனக்குப் புத்தி சொன்னார். அவர் கிடைத்தால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மேனேஜரிடம் கேட்டீர்களா? இது மூன்றாவது முறை. இங்கே கம்ப்யூட்டர் ரூம் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நான் ஒரு கடிதத்தில் நாலு கேட்டால் நீங்கள் உங்களுக்குச் சௌகரியமான ஒன்றுக்குப் பதில் சொல்கிறீர்கள். மிச்சம் மூன்றும் எங்கே போகின்றன?

சாமான் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கிவிட்டேன்.

வாயாடி.


ஜூன் 8

அன்புள்ள வாயாடிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? குட்டி எப்படி? நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. படித்ததும் கிழித்துவிடு.

உன் கடிதம் வந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அதிர்ஷ்டம் இல்லை என்பதை விதியின் தலையில் கட்டுகிறாள் என்று நினைத்தேன். உனக்கு நிரூபித்துக் காட்டத்தான் பழைய விண்ணப்பங்களை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது.

முன்பெல்லாம் படிவத்தில் விருப்ப இடம் ஒன்றுதான் எழுத முடியும். பிறகு ஊழியர்கள் கேட்டார்கள் என்று பல இடங்கள் எழுதலாம் என்று மாற்றினோம். படிவம் மாறியது. விதி மாறவில்லை. விதி இன்னும் பழையபடி, "காலி இடமும் விருப்ப இடமும் ஒன்றானால் மாற்றல் கொடு" என்றே இருக்கிறது. ஒரு பக்கம் ஒற்றை ஊர், மறு பக்கம் ஊர்களின் பட்டியல். இரண்டும் ஒன்றா என்று கேட்டால் எஞ்சின் என்ன சொல்லும்? உன்னிடம் ஒரு சாவியையும் ஒரு சாவிக்கொத்தையும் நீட்டி "ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டால் நீ என்ன சொல்வாய்? இல்லை என்பாய். "இந்தக் கொத்துக்குள்ள இந்தச் சாவி இருக்கா?" என்று கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்க யாரும் எழுதவில்லை. எஞ்சின் கத்தவும் கத்தாது, பிழை என்று சிவப்பாகவும் காட்டாது. பொருத்தம் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

இதில் பெரிய கொடுமை, கொத்தில் ஒரே ஒரு சாவி இருந்தால் எஞ்சின் தானாக வளையத்தைக் கழற்றிவிட்டுச் சாவியைச் சாவியோடு ஒப்பிட்டுக்கொள்ளும். அதனால் ஒரே இடம் எழுதினவர்களுக்கு எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. சோதனைக்கு நான் போட்ட விண்ணப்பங்களும் ஒரே இடம் எழுதினவைதான். எல்லாம் பச்சையாக வந்தது. இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம்.

மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டேன். திருத்தம் ஒரே வரிதான். ஆனால் அதற்கு ஒப்புதல் குழு கூட வேண்டும், அடுத்த சுற்று முடிந்த பிறகுதான் போடுவார்கள். அதுவரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. நான் உன்னிடம் சொல்வதே தப்பு.

ஆகவே இந்தத் தடவை ஒரே ஓர் இடம் எழுது. ஒன்றே ஒன்று. அப்படி எழுதினால் பொருந்தியே தீரும். இங்கே லேபில் இடம் காலி இருக்கிறது, பார்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லாதே.

உன் கணவன்.


ஜூன் 19

கல்லுளிமங்கனுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு இனிமேல்தான் குறைவு வரும், படியுங்கள்.

எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். எதிரே அந்த வார்டு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவைப் பார்க்க மாதம் ஒரு முறை பஸ்ஸில் போய்விட்டு, வந்த கையோடு டியூட்டியில் நிற்கிறவள். அவளும் ஆறு ஊர் எழுதி உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்துக்கு எதிரே நான் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சோற்றைப் பிசையவேண்டுமா? என்னால் முடியவில்லை. "ஏய், ஒரே ஊர் எழுதுடி" என்று சொன்னேன். "ஏங்க்கா?" என்றாள். சாவிக்கொத்துக் கதையைச் சொன்னேன். டிபன் பாக்ஸை மூடி வைத்தாள். அப்புறம், "அப்போ ரெண்டு தடவையும் எனக்கு இடம் இருந்துச்சா?" என்று கேட்டாள். அதற்குப் பதிலை நீங்கள் வந்து சொல்லுங்கள்.

மாலைக்குள் மருந்துக்கடை வரை செய்தி போய்விட்டது. கேட்டவர்கள் எல்லாம் உங்களை வாழ்த்தவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன். இன்னாருடைய பெண்டாட்டி என்று தெரிந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையையும் எழுதவில்லை.

ஒப்புதல் குழு கூடணுமாம்! ஒரு வரிக்கு! நான் ஒரு ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டால் அடுத்த சுற்று முடியட்டும் என்று டாக்டர் காத்திருப்பாரா?

மேனேஜரிடம் கேட்டீர்களா?

வாயாடி.


ஜூலை 6

வாயாடி,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும், குட்டி நலமா?

உன் வாய்க்குப் பூட்டே கிடையாதா? தலையெழுத்து! கிழித்துப் போடு என்று எழுதினேன், நீ தண்டோரா போட்டிருக்கிறாய். உங்கள் கிளையிலிருந்து மட்டும் எல்லா விண்ணப்பமும் ஒற்றை ஊரோடு வந்து விழுகிறது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "என்ன ரூல்ஸ் சார், உங்க மிஸஸ் அங்கதானே இருக்காங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பை நீ பார்க்கவில்லை. நான் ஆமாம் சார் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

நடந்தது நடந்துவிட்டது. உன் விண்ணப்பம்தான் பாக்கி. இன்னும் கொடுக்கவில்லை என்று திரையில் தெரிகிறது, ஏன் இழுத்தடிக்கிறாய்? மாதக் கடைசிதான் கெடு. ஒரே இடம் எழுது. இந்த ஊர். உனக்குச் சீனியாரிட்டி இருக்கிறது, உன்னை மீறி இங்கே யாரும் வர முடியாது. ஒன்றை மட்டும் நினைவில் வை, ஒரு தடவை ஆர்டர் கிடைத்துவிட்டால் அப்புறம் மூன்று வருடத்துக்கு மாற்றல் கேட்க முடியாது. ஊர் ஊராகத் தாவுகிறார்கள் என்று நான்தான் அந்த விதியை எழுதினேன். ஆகவே கவனமாக நிரப்பு.

இங்கே பள்ளிக்கூடம் விசாரித்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கவும் சொல்லிவிட்டேன்.

உன் கணவன்.


ஆகஸ்ட் 11

அன்புள்ள வாயாடிக்கு,

உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. ஃபோன் செய்தால் குட்டியிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாய். குட்டி புதுப்பல்லைப் பற்றியே பேசுகிறாள். நீ நலம்தானே? என்மேல் கோபமென்றால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன், புதிதா என்ன.

பதறாமல் படி. இன்று முடிவுகள் வந்தன. உனக்கு "பொருத்தம்" என்று வந்திருக்கிறது! பச்சை! எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் கைகொடுத்தார்.

அப்புறம்தான் கவனித்தேன். ஆர்டரில் பெரிய குளறுபடி. எங்கிருந்து என்ற இடத்தில் உங்கள் கிளை. எங்கே என்ற இடத்திலும் உங்கள் கிளை. நீ இருக்கிற இடத்துக்கே உன்னை மாற்றியிருக்கிறது. இப்படி நடக்க வழியே இல்லை. விருப்ப இடம் காலியாகப் போய், எஞ்சின் இருப்பிடத்தை எடுத்து நிரப்பிக்கொண்டிருக்கவேண்டும். காலையிலிருந்து ஒவ்வொரு விதியாகப் பிரித்துப் பார்க்கிறேன், பிடி கிடைக்கவில்லை. இருக்கும் இடத்தையே கேட்டால் தடுக்கும்படி விதி எதுவும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அப்படி யாராவது கேட்பார்களா என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிழை என்று புகார் பதிவு செய்துவிட்டேன். நீ அந்த ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிடாதே. போட்டால் மூன்று வருடம் அசைக்க முடியாது. நான் சரி செய்துவிடுவேன், பொறுமையாக இரு.

உன் கணவன்.


ஆகஸ்ட் 20

என்னங்க,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். இதை வழக்கத்துக்கு எழுதவில்லை, நிஜமாகவே எழுதுகிறேன்.

உங்கள் புகாரை வாபஸ் வாங்கிவிடுங்கள். எஞ்சின் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஒரே ஒரு விருப்ப இடம் எழுதச் சொன்னீர்கள். எழுதினேன். இந்த ஊர். ஆர்டரிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

குமாஸ்தா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தப்பா எழுதிட்டீங்கம்மா, இது நீங்க இப்ப இருக்குற இடம்" என்றார். "தெரியும் சார்" என்றேன். "இங்க லேப்ல இடம் காலி இருக்கா இல்லையா?" "இருக்கு." "நான் கேக்கக் கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா?" தேடிப் பார்த்தார். போடவில்லை. முத்திரை குத்திவிட்டார்.

உங்களைப் பழிவாங்கச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஊர்ப் பேரை எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்ததும் அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் நான் நாலு ஊர், ஒன்பது ஊர் என்று எழுதினேனே, எந்த ஊருக்கும் போகத் தயார் என்று தலையை ஆட்டினேனே, நீங்கள் ஒரே ஓர் ஊருக்கு வருவதைப் பற்றி, ஒரு ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? பிப்ரவரியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். முடியாது என்று சொல்லியிருந்தாலாவது என் மனசு ஆறியிருக்கும். கேட்டேன், மறுத்துவிட்டார் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். நீங்கள் அதுகூடச் செய்யவில்லை. நான் அந்த வரியை எழுதவே இல்லை என்பது போல அடுத்த விஷயத்துக்குப் போனீர்கள்.

இங்கே எனக்கு லேப் பொறுப்பைக் கொடுக்கப்போகிறார்கள். மே மாதமே சொன்னார்கள். மாற்றல் கிடைத்துவிடும் என்று நினைத்து வேண்டாம் என்றேன், அதை உங்களுக்கு எழுதவும் இல்லை. இப்போது சரி என்று சொல்லிவிட்டேன். குட்டிக்கு இந்தப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது. வீடும் பிடித்திருக்கிறது. எனக்கு நீங்கள் இல்லாதது மட்டும்தான் பிடிக்கவில்லை. அதைச் சரிசெய்ய என்னிடம் இனி விண்ணப்பம் எதுவும் இல்லை, மூன்று வருடத்துக்கு. அந்த விதியை எழுதினவர் ரொம்பக் கண்டிப்பானவர்.

நீங்கள் வரமாட்டீர்கள் என்றால் வரமாட்டேன் என்று எழுதிவிடுங்கள். பதில் இல்லாமல் மட்டும் இருக்காதீர்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

நான்தான்.


செப்டம்பர் 9

என் அன்பு வாயாடிக்கு,

நீயும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமில்லை.

உன் கடிதம் வந்து பல நாள் உன்மேல் கோபம். மூன்று வருடத்தை ஒரு கையெழுத்தில் தூக்கி எறிந்துவிட்டாயே என்று. வெள்ளையடித்த வீட்டில் வாசனை போகவில்லை. உள்ளே போனால் தலை வலிக்கிறது.

நேற்று மேனேஜரிடம் கேட்டேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பெரிய முன்னுரை எல்லாம் வைத்துக் கேட்டேன். அவர் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை. "அதுக்கென்ன, போங்க. விதி எழுத எந்த ஊரா இருந்தா என்ன? கணக்குப் பிரிவுல ரெண்டு பேர் அப்படித்தானே வேற ஊர்ல இருந்து பாக்குறாங்க. நீங்க கேக்கவே இல்லையேன்னுதான் நான் பேசாம இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்தால் நான் வைத்துவிட்டுப் போன டீகூட ஆறியிருக்கவில்லை.

அவர் மாட்டேன் என்று சொல்வாரோ என்ற பயத்தில்தான் நான் கேட்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அவர் சரி என்றதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அப்போதுதான் தெரிந்தது, அவர் சரி என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் நான் பயந்திருக்கிறேன். இங்கே நான் ரூல்ஸ் சார். என் நாற்காலி, என் டீ, என்னைச் சுற்றி நாலு பேர். அங்கே வந்தால் எனக்கு யாரைத் தெரியும்? லேப் மேடத்தின் வீட்டுக்காரர் என்று சொல்லித்தான் வாட்ச்மேன் என்னை உள்ளே விடுவார். இதை உன்னிடம் எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் அந்த ஒரு வரியை ஒவ்வொரு கடிதத்திலும் தாண்டித் தாண்டிப் போனேன். வெட்கமாக இருக்கிறது.

நான் வருவதை நீ இன்னமும் விரும்புகிறாயா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் டிக்கெட் எடுக்கப் பயமாக இருக்கிறது.

உன் கணவன்.


செப்டம்பர் 14

என்னங்க,

சுகம், எல்லோரும்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை எரிச்சலாக வந்தது. ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகாத வேலைக்கு என்னை இத்தனை மாதம் சூப்பிரண்டெண்ட் வாசலில் நிற்க வைத்தீர்களே என்று. இரண்டாவது தடவை படித்துவிட்டுப் பின் அறையைப் பெருக்கினேன்.

டிக்கெட் எடுங்கள். சண்டை பாக்கி இருக்கிறது, அதை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் சொல்வது நிஜம்தான், இங்கே உங்களை யாருக்கும் தெரியாது. நான் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கின அன்றைக்கு என்னையும் இங்கே யாருக்கும் தெரியாது. பழகிவிடும்.